ஈரக்குலை குளிர ஒரு கிளாஸ்

போன இதழில் பக்கத்தின் அடியில் கொஞ்சம் இடம் மிச்சமாகிவிட்டது என்று ஒரு துணுக்கு போட்டேன். 'ஜிகர்தண்டா என்றால் இதயக் குளிர்ச்சி என்று பொருள்'. அவ்வளவுதான், ஒரே வரி. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள், நான் மூச்சுமுட்ட நாலு பக்கம் எழுதிய எதற்கும் வந்ததில்லை. பாதிப் பேர் திருத்தியிருந்தார்கள், மீதிப் பேர் சண்டைக்கு வந்திருந்தார்கள், ஒருவர் மட்டும் எந்தக் கடையில் குடித்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டிருந்தார். ஒரு கடையின் பெயரைச் சொன்னால் அடுத்த கடைக்காரர் என்னைத் தெருவில் நடக்க விடமாட்டார். அதனால் அந்தக் கடிதத்தை மட்டும் ஓரமாக வைத்துவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் உருது பேசுவோம். ஜிகர் என்றால் கல்லீரல். இதயத்துக்கு தில் என்று தனிச்சொல் இருக்கிறது. ஊரே தப்பாகச் சொல்கிறது, நீங்களும் அதை அப்படியே அச்சில் ஏற்றிவிட்டீர்களே?
வாசகி, மகபூப்பாளையம்

பதில்: நீங்கள் சொல்வது சரி, நான் எழுதியது தப்பு. பாரசீகத்தில் ஜிகர் கல்லீரல், தில் இதயம். அதில் வாதாட ஒன்றுமில்லை. ஆனால் ஒப்புக்கொண்டு பேசாமல் ஒதுங்கிவிடவும் மனசில்லை, ஏனென்றால் உங்கள் உருதுவே இந்த விஷயத்தில் அத்தனை கறாராக இல்லை. பெற்ற பிள்ளையை 'ஜிகர் கா டுக்டா' என்று கொஞ்சுகிறீர்கள். ஈரல் துண்டே என்பதுதான் நேர்ப்பொருள், ஆனால் அந்த நேரத்தில் கறிக்கடை ஞாபகம் யாருக்கும் வருவதில்லை. துணிச்சல்காரனைப் பார்த்து அவனுக்கு ஜிகர் இருக்கிறது என்கிறீர்கள். உயிர்த்தோழன் 'ஜிக்ரி தோஸ்த்'. இந்தக் கடைசிச் சொல்லை உருதுவில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாத நம்மவர்களும் 'அவன் நம்ம ஜிகிரி தோஸ்துய்யா' என்று தோளில் கைபோட்டுச் சொல்கிறார்கள். அந்த ஜிகிரியும் கிளாஸில் இருக்கிற ஜிகரும் ஒன்றுதான் என்று டீக்கடையில் சொல்லிப் பார்த்தேன், ஒருத்தரும் நம்பவில்லை.

ஆக, அந்த மொழியில் ஜிகர் என்றால் வலப்பக்க விலாவுக்கடியில் இருக்கிற உறுப்பு மட்டுமல்ல, பாசமும் தைரியமும் குடியிருக்கிற இடமும்தான். அதைப் போய் 'இதயம்' என்று மொழிபெயர்த்ததுதான் நான் செய்த தப்பு. அதற்குப் பொருத்தமான சொல் நம் பேச்சிலேயே தினமும் புழங்குகிறது, எனக்குத்தான் தோன்றவில்லை. ஈரக்குலை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வாசலில் பத்து நிமிஷம் நின்றால் விளங்கும். ஆட்டின் நெஞ்சுக்கூட்டைப் பிளந்து கையை விட்டு இழுத்தால் நுரையீரல், இதயம், ஈரல் எல்லாம் வாழைக்குலை மாதிரி ஒரே கொத்தாக வெளியே வரும். அந்தக் கொத்துக்குப் பெயர்தான் ஈரக்குலை. தமிழில் உடம்புக்குள் மூன்று ஈரல், கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்று. பள்ளிப் பாடத்தில் படித்ததை மறந்துவிட்டுக் கடையில் போய் 'ஒரு மண்ணீரல் குடுங்க' என்று கேட்டால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அங்கே அதற்குப் பெயர் சுவரொட்டி. சுவரில் விட்டெறிந்தால் அப்படியே ஒட்டிக்கொள்ளுமாம், கடைக்காரர் சொல்வது, நான் எறிந்து பார்த்ததில்லை. (காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் தெருத்தெருவாகப் போஸ்டர் ஒட்டுகிற ஊரில் சுவரொட்டி சாப்பிட்டேன் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் என்ன நினைப்பார்களோ.)

'ஈரக்குலையே நடுங்கிப்போச்சு' என்று சொல்கிற பாட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், 'இதயம் நடுங்கியது' என்று சொன்ன பாட்டி ஒருத்தரும் இல்லை. இதயம் நமக்கு எழுத்தில் வருகிற சொல். பேச்சில் உணர்ச்சி எல்லாம் நெஞ்சு, வயிறு, ஈரக்குலை இந்த மூன்றில்தான் நடக்கிறது. பங்காளி மாடி வீடு கட்டினால் எரிவது வயிறு, பிள்ளை பாஸானால் குளிர்வதும் பெற்ற வயிறுதான். வெயில் கொளுத்துகிற நாட்டில் குளிர்ச்சி என்றாலே நல்லது, சூடு என்றாலே கெட்டது, ஈரம் என்றால் அன்பு. வள்ளுவரே இனியவை கூறலில் முதல் குறளில் 'ஈரம் அளைஇ' என்கிறார், அன்பு கலந்து என்று பொருள். நெஞ்சில் ஈரமில்லாதவன் என்று இன்றைக்கும் திட்டுகிறோம். அப்படிப் பார்த்தால் ஜிகர்தண்டாவுக்குத் தமிழ் 'ஈரக்குலை குளிர்ச்சி'. உறுப்பும் பொருந்துகிறது, உணர்ச்சியும் பொருந்துகிறது. விலைப்பட்டியலில் எழுதிப் போட முடியாது, அது வேற விஷயம்.

இனி இந்த ஜிகர் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் இந்தச் சொல்லுக்குச் சொந்தக்காரர்கள் ரொம்பப் பேர். ஆயுர்வேத வைத்தியர்கள் கல்லீரலை யக்ருத் என்பார்கள். யக்ருத்தும் ஜிகரும் ஒரே வேரில் பிறந்தவை. எங்கே யக்ருத், எங்கே ஜிகர் என்று தோன்றும். சமஸ்கிருதத்தில் சொல்லின் தொடக்கத்தில் 'ய' வருகிற இடத்தில் பாரசீகத்தில் 'ஜ' வரும், இது வழக்கமாக நடக்கிற மாற்றம். அங்கே யுவன், இங்கே ஜவான் (இளைஞன் என்றுதான் முதல் பொருள், பட்டாளத்துக்காரன் என்பது அப்புறம் வந்தது). அங்கே வாற்கோதுமைக்கு யவ, இங்கே ஜவ். கிரேக்கத்தில் அந்த 'ய' தேய்ந்து 'ஹ' ஆகி, கல்லீரல் 'ஹேபர்' ஆனது. ஆஸ்பத்திரிச் சீட்டில் ஹெபடைடிஸ் என்று எழுதுகிறார்களே, அந்த ஹெபடைடிஸும் விளக்குத்தூண் பக்கம் நீங்கள் குடிக்கிற ஜிகர்தண்டாவும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் என்றால் குமட்டிக்கொண்டு வரலாம், ஆனால் உண்மை அதுதான். லத்தீனிலும் அதே வேரிலிருந்து 'இயேகூர்' என்று ஒன்று இருந்தது.

அந்த லத்தீன் சொல்லுக்கு நேர்ந்த கதிதான் இந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்த இடம். ரோமாபுரிக்காரர்கள் வாத்து, பன்றி போன்றவற்றுக்கு அத்திப்பழத்தைத் தீனியாகப் போட்டுக் கொழுக்க வைத்து, அதன் ஈரலை ஆசையாகச் சாப்பிட்டார்கள். அந்தப் பண்டத்துக்குப் பெயர் 'இயேகூர் ஃபிகாத்தும்', அத்தி ஏற்றிய ஈரல் என்று பொருள். சொல்லிச் சொல்லி முன்பாதி உதிர்ந்துபோய், அத்தியைக் குறிக்கிற பின்பாதியே ஈரலுக்குப் பெயராக நின்றுவிட்டது. பிரெஞ்சில் 'ஃபுவா', இத்தாலியத்தில் 'ஃபேகாத்தோ', ஸ்பானியத்தில் 'ஈகதோ' எல்லாமே அந்த அத்திதான். சால்னா பரோட்டா, சால்னா பரோட்டா என்று கேட்டுக் கேட்டு, நாளடைவில் பரோட்டாவுக்கே சால்னா என்று பெயர் வந்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. இத்தாலியர்கள் தைரியசாலியை 'ஃபேகாத்தோ உள்ளவன்' என்பார்கள், உருதுவின் ஜிகர் மாதிரியே. ஆங்கிலேயன் கோழையைப் பார்த்து ஈரல் வெளுத்தவன் என்பான்.

மலேசியாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு வாசகர், மலாய் மொழியில் 'ஹாத்தி' என்றால் மனசுதானே, அதில் ஈரல் எங்கே வந்தது என்று தனியாகக் கேட்டிருக்கிறார். ஐயா, நீங்கள் அங்கே கேட்ட அந்த ஹாத்தியே கல்லீரல்தான். நிஜ இதயத்துக்கு 'ஜந்தோங்' என்று வேறு சொல் இருக்கிறது. காதலியை 'புவா ஹாத்தி' என்றால் ஈரலின் கனி. 'ஹாத்தி ஹாத்தி' என்று இரண்டு தடவை சொன்னால் பார்த்துப் போ, கவனம்.

இத்தனை பேரும் சொல்லிவைத்த மாதிரி ஈரலில் போய் ஏன் மனசை வைத்தார்கள் என்றால், பழைய காலத்து மருத்துவர்களுக்கு அதுதான் இரத்தம் ஊறுகிற இடம். சாப்பிட்ட சாப்பாடு ஈரலில் இரத்தமாகிறது என்று கிரேக்க மருத்துவர் கேலன் இரண்டாம் நூற்றாண்டில் சொன்னதை, இதயம் ஒரு பம்பு மாதிரி இரத்தத்தைச் சுற்றி ஓட விடுகிறது என்று 1628இல் வில்லியம் ஹார்வி எழுதி அச்சிடுகிற வரைக்கும் பெரும்பாலானவர்கள் நம்பினார்கள். கேலனின் வழியில் வந்ததுதான் யுனானி வைத்தியம். அதில் 'ஜிகர் கீ கர்மி', அதாவது ஈரல் சூடு, என்று நோயே உண்டு. சூடேறிய ஈரலுக்குக் குளிர்ச்சியாக ஏதாவது கொடு என்பதுதான் வைத்தியம். ஜிகர் தண்டா என்ற பெயரை இப்போது இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். அப்புறம், யுனானி என்றால் கிரேக்க நாட்டுடையது என்று அர்த்தம், அயோனியா என்ற ஊர்ப்பகுதியின் பெயரிலிருந்து வந்தது. அதே பெயர் இன்னொரு வழியாக நம்மிடம் வந்து யவனர் ஆனது. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை வாசலுக்குக் காவல் நின்றவர்கள் அந்த யவனர்கள்தான்.

கேள்வி: தண்டா என்பது தமிழ்த் 'தண்' தானே? தண்ணீர், தண்மை, தண்டமிழ் எல்லாம் அதிலிருந்துதானே? நம் சொல்லை நாமே இந்தி என்று விட்டுக்கொடுக்கலாமா?
தமிழாசிரியர், மேலூர்

பதில்: எனக்கும் ஆசைதான் ஐயா. ஆனால் காதைக் கொஞ்சம் கூர்மையாக்கிக் கேட்டால் இரண்டும் வேறு என்று தெரிந்துவிடும். இந்திக்காரர் 'தண்டா' என்று சொல்வதில்லை. நாக்கை மேலே மடித்து 'ட' போட்டு, கூடவே ஒரு மூச்சை ஊதி 'ட்ஹண்டா' என்கிறார். அந்த 'ட'வில் சொல் தொடங்கத் தமிழில் வழியில்லை, மொழிமுதலில் டகரம் வராது என்று தொல்காப்பியம் சொல்வதை நீங்களே வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். (டீயும் டிபனும் இலக்கணம் படிக்காமல் உள்ளே வந்தவை.) அதனால் வடக்கேயிருந்து வந்த சொல்லை நாம் நம் வசதிக்குத் 'த' போட்டு வாங்கிக்கொண்டோம். வாங்கின பிறகு பார்த்தால் 'தண்' மாதிரியே இருக்கிறது. சட்டை ஒன்று போலிருந்தால் அண்ணன் தம்பியாகிவிட முடியுமா?

இந்தி தண்டாவின் பூர்வீகம் சமஸ்கிருதத்தின் 'ஸ்தப்த'. விறைத்துப்போன, அசையாமல் நின்றுபோன என்று பொருள். அது பிராகிருதத்தில் 'டட்ட' மாதிரி ஆகி, விறைத்தது உறைந்தது ஆகி, உறைந்தது குளிர்ந்தது ஆகிவிட்டது. அதே வேரிலிருந்து நம்மிடம் இன்னொரு சொல் நேராக வந்து தினசரிப் பேப்பரில் குடியிருக்கிறது. சித்திரைத் திருவிழா சமயத்தில் 'மாசி வீதிகளில் போக்குவரத்து ஸ்தம்பித்தது' என்று போடுகிறார்களே, அந்த ஸ்தம்பிப்பும் தண்டாவும் கூடப்பிறந்தவை. ஸ்தம்பம் என்றால் தூண். ஆக, விளக்குத்தூண் பக்கத்தில், போக்குவரத்து ஸ்தம்பித்த நேரத்தில், கையில் ஜிகர்தண்டாவோடு நிற்கிறவர் ஒரே வினைவேரை மூன்று விதமாக அனுபவிக்கிறார். இதை நான் கண்டுபிடித்த அன்றைக்கு யாரிடமாவது சொல்லியே தீரவேண்டும் போலிருந்தது. வீட்டில் சொன்னேன், 'சரி, வந்து சாப்பிடுங்க' என்றார்கள்.

தண்ணைப் பற்றி நாம் பெருமைப்பட வேறு நிறைய இருக்கிறது. தண்ணீர் என்றாலே குளிர்ந்த நீர்தான், வெம்மையான நீர் வெந்நீர். பேச்சில் தண்ணீரின் குளிர்ச்சி தேய்ந்து வெறும் நீராகிவிட்டது. அதனால்தான் 'சுடுதண்ணி' என்று நாம் கூசாமல் சொல்கிறோம், சூடான குளிர்நீர் என்று அதைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. தெலுங்கில் இந்தக் குழப்பம் இல்லை, வெறும் நீர் 'நீள்ளு', குளிர்ந்தது 'சன்னீள்ளு', சுட்டது 'வேன்னீள்ளு'. கன்னடத்திலும் 'தண்ணீரு' இன்னும் குளிர்ந்த நீராகவே இருக்கிறது, சுட்டால் 'பிசிநீரு'. மலையாளத்தில் நீருக்கு வெள்ளம் என்று பெயர். வைகையில் வெள்ளம் என்றால் நாம் கரைக்கு ஓடுவோம், அவர்கள் ஒரு கிளாஸ் வெள்ளம் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள்.

கேள்வி: வம்புதண்டாவில் இருக்கிற தண்டாவும் இதுதானா? எதற்கு வம்பு குளிர வேண்டும்?
வாசகர், திருமங்கலம்

பதில்: இல்லை. அது சண்டை சச்சரவைக் குறிக்கிற 'டண்டா' என்கிற வடக்கத்திச் சொல், மூச்சு ஊதாத 'ட', நடுவிலும் அழுத்தமான 'ட'. உடற்பயிற்சிக்கூடத்தில் எடுக்கிற தண்டால் இன்னொன்று, கம்பைக் குறிக்கிற தண்டத்தின் வழி வந்தது. மூன்று வேறு சொற்கள் வடக்கே மூன்று வேறு ஒலியோடு இருந்தன, இங்கே வந்ததும் மூன்றும் ஒரே சாயலாகிவிட்டன. மேலூர் ஆசிரியருக்குச் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது, கடிதத்துக்கு நன்றி.

கேள்வி: இனிமேலாவது இதற்கு ஒரு நல்ல தமிழ்ப் பெயர் வைத்து மாமதுரையின் மானத்தைக் காப்பாற்றக் கூடாதா?
வாசகர், செல்லூர்

பதில்: 'அண்ணே, ரெண்டு ஈரக்குலை குளிர்ச்சி குடுங்க' என்று நீங்கள் முதலில் கேட்டுப் பாருங்கள். பக்கத்துக் கறிக்கடைக்கு வழி காட்டுவார். நம் ஊரில் காஜிமார் தெரு இருக்கிறது. காஜி என்பது நீதிபதியைக் குறிக்கிற அரபுச் சொல், மார் என்பது தாய்மாரிலும் அண்ணன்மாரிலும் இருக்கிற நம்முடைய மார். திருமலை நாயக்கர் 1636இல் கட்டியதை மகால் என்கிறோம், அரபியில் அதற்குத் தங்குகிற இடம் என்று பொருள். இதெல்லாம் மதுரையின் மானத்தைக் கெடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: உறவினர் கல்யாணத்துக்குப் பெங்களூர் போனபோது ஓட்டலில் 'சார்பே' என்று ஒன்று கொடுத்தார்கள். பெயரும் ருசியும் நம் சர்பத் மாதிரியே இருந்தது. சம்பந்தம் உண்டா?
பிளஸ் டூ மாணவி, வாடிப்பட்டி

பதில்: சம்பந்தம் என்ன, அதுவேதான் இது. அரபியில் 'ஷரிப' என்றால் குடித்தான். அதிலிருந்து 'ஷர்பத்', குடிக்கிற பானம். துருக்கியர்கள் 'ஷெர்பெத்' ஆக்கினார்கள், அது இத்தாலிக்குப் போய் 'சொர்பெத்தோ' ஆகி, பிரான்ஸுக்குப் போய் நீங்கள் சாப்பிட்ட 'சார்பே' ஆனது. போகிற வழியில் திரவம் உறைந்து ஐஸாகிவிட்டது, கரண்டி போட்டுச் சாப்பிட வேண்டியதாகிவிட்டது. இதே வேரில் 'ஷராப்' என்றும் ஒரு சொல். அரபியில் அது வெறும் பானம்தான், பாரசீகத்திலும் உருதுவிலும் மது ஆகிவிட்டது. நாமும் 'தண்ணி' என்ற அப்பாவிச் சொல்லை வைத்துக்கொண்டு அதைத்தானே செய்திருக்கிறோம், 'அவர் தண்ணி போட்டிருக்கார்' என்றால் யாரும் தாகம் என்று நினைப்பதில்லை. ஷராப் லத்தீனுக்குப் போய் 'சிரோபுஸ்' ஆகி, அங்கிருந்து ஆங்கில 'சிரப்' வந்தது. ஆகவே நன்னாரி சர்பத், பெங்களூர் சார்பே, இருமல் சிரப், உருதுக் கவிதைகளில் வழிகிற ஷராப் நான்கும் ஒரு தாய் மக்கள். இதோடு இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், பழச்சாற்றுப் பாகை ஆங்கிலத்தில் 'கார்டியல்' என்பார்கள், லத்தீனில் இதயத்தைக் குறிக்கிற சொல்லிலிருந்து பிறந்தது, இதயத்துக்குத் தெம்பு தருகிற மருந்துப் பானம் என்பதுதான் முதலில் பொருள். மகபூப்பாளையம் வாசகி கோபித்துக்கொள்ளக் கூடாது: நான் போன இதழில் எழுதிய 'இதயக் குளிர்ச்சி' ஆங்கிலேயனின் பாட்டிலுக்குக் கிட்டத்தட்டச் சரியாக வரும்.

கேள்வி: ஜிகர்தண்டாவில் அடியில் போடுகிற கடல்பாசியை எங்கள் கடற்கரையில் பெண்கள் முங்கி எடுக்கிறார்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதக் கூடாதா?
வாசகி, மண்டபம்

பதில்: எழுதாமல் இருந்தது என் குறைதான். ஒரு கிளாஸில் முதலில் விழுவதே அதுதானே. பானைக்குள் கரண்டியை விட்டு, வழுக்கி வழுக்கி ஓடுகிற கடல்பாசியை அள்ளிப் போட்டு, மேலே நன்னாரி சர்பத்தை ஊற்றி, சுண்டக் காய்ச்சி ஆறவைத்த பழுப்பு நிறப் பாலை விட்டு, ஐஸ்கிரீமை வைத்து, மேலே ஒரு கரண்டி பாசந்தியும் போட்டு நீட்டுவார்கள். சில கடைகளில் பாசிக்குப் பதிலாகப் பாதாம் பிசின். பாதாம் பாரசீகம், பிசின் தமிழ். 'வாதுமை' என்று எழுதினால் தூய தமிழ் என்று சிலர் நினைக்கிறார்கள், அதுவும் அந்த பாதாம்தான், வடமொழி வழியாகக் கொஞ்சம் முந்தி வந்து சேர்ந்தது.

உங்கள் பக்கம் மரிக்கொழுந்துப் பாசி என்று எடுக்கிறீர்களே, அதைக் காய்ச்சி எடுக்கிற பொருளுக்கு உலகம் முழுக்க மலாய்ப் பெயர், 'அகர் அகர்'. இந்த அகர் சமையற்கட்டிலிருந்து ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனது ஒரு பெண்ணால். ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸே, கிருமிகளை ஜெலட்டின் மேல் வளர்க்கப் பார்த்து, வெயில் காலத்தில் அது உருகி ஓடியதால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். உன் ஜெல்லி மட்டும் எப்படி இந்த வெயிலில் கெட்டியாக நிற்கிறது என்று மனைவி ஃபேனியிடம் கேட்டார். ஜாவாவில் இருந்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர்களிடமிருந்து கற்றது, அகர் போட்டுச் செய்கிறேன் என்றார் அந்த அம்மா. இது நடந்தது 1881இல். இன்றைக்கும் ரத்தத்தில் என்ன கிருமி என்று பார்க்க லேப்பில் தட்டில் ஊற்றுவது அகர்தான். நம் ஊர் வெயிலில் நின்று குடிக்கிறவர்களுக்கு ஃபேனி சொன்னதை நிரூபிக்கத் தேவையில்லை.

கேள்வி: போபாலிலிருந்து வந்த மருமகள் பன்னீர் சோடா என்றதும் முகத்தைச் சுளிக்கிறாள். என்ன சொல்லிப் புரிய வைப்பது?
வாசகி, திருநகர்

பதில்: பாவம், பாலாடைக்கட்டியைச் சோடாவில் போட்டுத் தருகிறார்கள் என்று பயந்திருப்பாள். அவள் ஊர் பனீர் பாரசீகம், பால் திரித்துச் செய்வது. நம் பன்னீர் பனிநீர், ரோஜாப்பூ வடிநீர், கல்யாண வாசலில் சொம்பை ஆட்டித் தெளிக்கிறோமே அது. எழுதும்போது இரண்டையும் 'பன்னீர்' என்றே எழுதித் தொலைக்கிறோம், ஒரு கல்யாண மெனுவில் 'பன்னீர் தெளித்த பன்னீர் மசாலா' என்று அச்சடித்திருந்ததை நானே பார்த்தேன். வாயில் ஊற்றி ஒரு மடக்கு குடிக்க வையுங்கள், தானாகப் புரியும்.

கேள்வி: ஜிகர்தண்டாவை விடுங்கள். எங்கள் பருத்திப்பாலாவது சுத்தத் தமிழா?
வாசகர், உசிலம்பட்டி

பதில்: இரண்டு பாதியும் நம்முடையதுதான், தைரியமாக இருங்கள். கன்னடக்காரர் நாம் 'ப' போடுகிற இடத்தில் 'ஹ' போடுவார், பத்து அங்கே ஹத்து, பல் ஹல்லு, பால் ஹாலு, பருத்தி ஹத்தி. தெலுங்கில் பத்தி, பாலு. வீட்டுச் சொத்து என்பதற்கு இதைவிடப் பத்திரம் வேண்டாம். வெள்ளைக்காரனின் 'காட்டன்' அரபு 'குத்ன்' என்பதிலிருந்து வந்தது, நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பருத்திக்கொட்டையை ஊறப்போட்டு ஆட்டிப் பால் பிழிந்து, பச்சரிசி மாவும் கருப்பட்டியும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, தேங்காய்த் துருவலைத் தூவி டம்ளரில் ஊற்றித் தருகிற வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அதில் போடுகிற சுக்கு மட்டும் கொஞ்சம் இடிக்கிறது. சமஸ்கிருதத்தில் 'சுஷ்க' என்றால் காய்ந்தது, பிராகிருதத்தில் 'சுக்க', இந்தியில் 'சூக்கா'. ராத்திரி பரோட்டாவுக்குத் தொட்டுக்கொள்கிற மட்டன் சுக்காவும் அந்தச் சூக்காதான்.